ஜூலை வெயிலில் ரோம், ஏதென்ஸ், அபுதாபி: என்ன உடுத்துவது?

நிழல்தேடி

வணக்கம் நண்பர்களே. ஜூலை கடைசியில் நானும் அம்மாவும் கிளம்புகிறோம். முதலில் ரோம், அடுத்து ஏதென்ஸ், திரும்பும் வழியில் அபுதாபி. ஆளுக்கு ஒரு கைப்பெட்டிதான், ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

உடை விஷயத்தில் கேட்ட இடமெல்லாம் வேறு வேறு பதில். லினன்தான் என்கிறார் ஒருவர். லினன் கசங்கிக் கந்தலாகிவிடும், விளையாட்டு டீஷர்ட் போதும் என்கிறார் இன்னொருவர். கை இல்லாத சட்டை போடு என்று தோழி சொல்கிறாள், முழுக்கை போடு என்று அண்ணன் சொல்கிறான். அம்மாவுக்கு 64 வயது. நடையில் என்னைத் தோற்கடிப்பார், ஆனால் வியர்வை அதிகம், கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு போட்டுவிடும். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பாதிராத்திரி ரயில்

ஜனவரியில் போங்கள். ஒரு ஸ்வெட்டரோடு வேலை முடிந்தது.

நிழல்தேடி

டிக்கெட் போட்டாச்சு சார் :)

மஞ்சள்குடை

துணிக்கு அப்புறம் வருவோம். முதலில் எங்கெங்கே நுழையப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. பெட்டியில் எது இருக்கணும் என்பதை வெயிலைவிட வாசல்காரர்கள்தான் அதிகம் தீர்மானிப்பார்கள்.

ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். வாட்டிகன் அருங்காட்சியகம், சிஸ்டைன் சிற்றாலயம் எல்லாவற்றுக்கும் இதே விதி. பேராலயத்துக்கு வரிசை நிற்பது திறந்த சதுக்கத்தில், தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. அந்த வரிசை முழுக்க நின்றுவிட்டு வாசலில் திருப்பி அனுப்பினால் அழுகையே வந்துவிடும்.

அபுதாபியில் ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசல் இன்னும் கறார். பெண்களுக்குத் தலை மூடணும், கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை. இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, உடம்பு தெரிகிற துணியாகவும் இருக்கக் கூடாது. இந்த ‘தெரிகிற’ விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். மெல்லிய வெள்ளைப் பேன்ட் வீட்டு வெளிச்சத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அப்போது தெரியும் சங்கதி.

ஏதென்ஸில் இடிபாடுகளுக்கு உடைக் கட்டுப்பாடு என்று பெரிதாக இல்லை. 2009-லிருந்து பழங்கால நினைவிடங்களில் குதிகால் உயர்ந்த செருப்புக்குத் தடை உண்டு, அவ்வளவுதான். அந்தப் பளிங்கில் ஹீல்ஸோடு நடக்க யாருக்கும் மனசும் வராது.

ஆக, மூன்று ஊருக்கும் பொதுவாக ஓடக்கூடியது தளர்வான, கணுக்கால் வரை வருகிற பேன்ட் அல்லது பாவாடை, மணிக்கட்டு வரை மூடுகிற மேல்சட்டை, ஒரு பெரிய துப்பட்டா. ஷார்ட்ஸ் ஆசை இருந்தால் ஒன்றே ஒன்று, அறையில் போட்டுக்கொள்ள.

கடற்காகம்

பருத்தி பருத்தி என்று எல்லாரும் உருகுவார்கள், அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். பருத்தி நனைந்தால் நனைந்ததுதான். முதுகில் பை மாட்டி ஒரு மணி நேரம் நடங்கள், சட்டை ஒட்டிக்கொண்டு கனக்கும். நான் ஊர் சுற்றுவது முழுக்க பாலியஸ்டர் ஓட்டச் சட்டையில்தான். ராத்திரி கை கழுவும் தொட்டியில் அலசி, துண்டில் சுருட்டி முறுக்கி, ஹேங்கரில் மாட்டினால் காலையில் உலர்ந்திருக்கும். இரண்டு சட்டை போதும், ஏழு கிலோவெல்லாம் ஆடம்பரம்.

நூல்கண்டு

கடற்காகம் சொல்வது பாதி சரி. நான் துணி ஆலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியர்வை வழிந்து சொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை. அது தோலிலோ, தோலை ஒட்டிய துணியிலோ ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டித் தரையில் விழுந்தால் அந்த லாபம் போச்சு. அதனால் ‘எந்தத் துணி நல்லது’ என்பதற்கு ஒரே பதில் கிடையாது. காற்றில் ஈரம் எவ்வளவு என்று முதலில் கேட்கணும்.

ஏதென்ஸின் ஜூலை வறண்ட வெக்கை. பிற்பகலில் 33, 34 டிகிரி சாதாரணம், வெப்ப அலை வந்தால் 40-ஐத் தாண்டும். அங்கே லேசாக நனைந்த பருத்தி உங்களுக்கு நண்பன். காற்று அந்த ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச உடம்பு குளிரும். அபுதாபி நேர் எதிர். கடலோரம், 42 டிகிரி, அதோடு புழுக்கம். காற்றே ஈரமாக இருப்பதால் நனைந்த துணி நனைந்தே கிடக்கும். அங்கே கடற்காகத்தின் சட்டைக்கு மரியாதை உண்டு. ரோம் இரண்டுக்கும் நடுவில்.

எண்ணாகச் சொன்னால், 100 கிராம் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே 7, 8 கிராம் ஈரத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி 16 கிராம் வரை. பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. அதனால்தான் சீக்கிரம் உலர்கிறது. அதே காரணத்தால்தான், நெசவு சரியில்லாத மலிவு பாலியஸ்டர் வியர்வையைத் தோலிலேயே தேக்கிக் கசகசக்க வைக்கிறது. நல்ல ஓட்டச் சட்டைகளில் நூலின் குறுக்குவெட்டையும் பின்னலையும் மாற்றி, ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிப் பரவும்படி செய்கிறார்கள். நாருக்குத் தாகம் இல்லாவிட்டாலும் இடுக்குகள் இழுக்கும்.

இன்னொன்று: நாரைவிட நெசவு முக்கியம். கடையில் துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு தாராளமாக வந்தால் வாங்கலாம். கன்னம் உப்பி மூச்சு திரும்பினால், அது 100 சதவீதப் பருத்தியாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். நெருக்கமாகப் பின்னிய கனத்த டீஷர்ட் இந்தச் சோதனையில் தோற்கும், ‘வாயில்’ (voile) என்கிற லேசான துணி ரகம் ஜெயிக்கும். லினன் பெயர் வாங்கியதற்குக் காரணமும் இதுதான். நூல் விறைப்பு, நெசவு திறப்பு, துணி உடம்பில் படியாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும், நடுவே காற்று ஓடும். சீர்சக்கர் என்கிற துணி ரகத்தில் அங்கங்கே சுருக்கம் வைத்து நெய்வதும் துணியைத் தோலிலிருந்து தூக்கி நிறுத்தத்தான்.

ரேயான், விஸ்கோஸ் பற்றிக் கேட்பார்கள். கடையில் தொட்டால் ஜில்லென்று இருக்கும். நனைந்தால் தொய்ந்து ஒட்டும், உலர நேரமாகும், ஈரத்தில் நூலின் வலுவும் குறையும். தொட்டியில் துவைத்து முறுக்கிப் பிழியப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

பாதிராத்திரி ரயில்

கடையில் சட்டையை வாயில் வைத்து ஊதினால் செக்யூரிட்டி வருவாரே.

நூல்கண்டு

எங்கள் ஆலையில் அதற்கு மெஷின் இருக்கிறது. வாய் மலிவு.

வெண்தொப்பி

நூல்கண்டு ஐயாவின் ஊதும் சோதனையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காற்று புகுகிற ஓட்டையில் வெயிலும் புகும்.

துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு உண்டு. 1996-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து இதற்குத் தரநிலை கொண்டுவந்தன. யூபிஎஃப் 50 என்றால் மேலே விழுவதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் தோலுக்கு வரும். சாதாரண மெல்லிய வெள்ளைப் பருத்தி டீஷர்ட் சுமார் 5-லிருந்து 7 வரை. நனைந்தால் அதுவும் குறையும். அடர்ந்த நிறம், நெருக்கமான நெசவு, பாலியஸ்டர் கலப்பு, இவையெல்லாம் தடுப்பைக் கூட்டும்.

என் கணக்கு இது. முழுக்கை, தளர்வு, நடுத்தர நெசவு. வெளிர்நீலம், காக்கி, பச்சை மாதிரி ஏதாவது ஒரு நிறம், பளீர் வெள்ளை வேண்டாம். கை இல்லாத சட்டை குளிர்ச்சி என்று தோழி சொன்னது நிழலில் உண்மை. நேர் வெயிலில் திறந்த தோள் சூட்டை வாங்கிக்கொண்டேதான் இருக்கும், சாயங்காலம் எரியும், மறுநாள் பை வார் அதன் மேல் உரசும். மேலே கிரீம் பூசிக்கொள்ளலாமே என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும், வியர்த்தால் அதற்கும் முன்னாலேயே. சட்டையைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டியதில்லை.

தொப்பி வாங்கினால் சுற்றிலும் விளிம்பு உள்ளது, 7.5 செ.மீ.க்குக் குறையாமல். முன்னால் மட்டும் நீட்டிய கேப் காதையும் பிடரியையும் அம்போவென்று விட்டுவிடும்.

கடற்காகம்

அடர்ந்த நிறம் சூட்டை இழுக்கும் என்று பள்ளியிலேயே படித்தோமே.

வெண்தொப்பி

இழுக்கும். ஆனால் இழுத்த சூடு தோலுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. 1980-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சைனாய் பாலைவனத்தில் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை உறிஞ்சியது உண்மை. ஆனால் அந்த உபரிச் சூடு உடம்பை எட்டுவதற்குள் அங்கிக்குள் ஓடும் காற்றிலேயே கரைந்துவிட்டது. உடம்புக்கு வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான்.

பாதிராத்திரி ரயில்

அப்போ கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஏதென்ஸின் ஆக்ரோபோலிஸ் குன்றில் ஏறச் சொல்கிறீர்களா?

வெண்தொப்பி

தொளதொளவென்று இருந்தால் ஏறலாம். உடம்பைப் பிடிக்கிற கறுப்பு டீஷர்ட்டோடு ஏறினால் வெந்துவிடுவீர்கள். அந்த ஆய்வைக் காட்டி இறுக்கமான கறுப்பை நியாயப்படுத்துகிறவர்கள் காற்றோட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

நிழல்தேடி

ஆக்ரோபோலிஸ் பேச்சு வந்ததால் கேட்கிறேன். மதியம் ஏறுவது முடியவே முடியாதா? அம்மாவுக்குக் காலையில் மெதுவாகக் கிளம்பித்தான் பழக்கம்.

மஞ்சள்குடை

அம்மாவை எப்படியாவது எழுப்புங்கள். 2023 ஜூலை வெப்ப அலையில் அரசே ஆக்ரோபோலிஸை நண்பகல் 12-லிருந்து மாலை 5 வரை மூடியது. 2024-லும் மூடினார்கள். மேலே மரம் இல்லை, கல் சூட்டைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். எந்த உடையும் அதற்கு ஈடு கொடுக்காது. காலை முதல் ஆளாக ஏறுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம்.

இன்னொன்று, அந்தப் பளிங்கு பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழவென்று ஆனது. சாதாரண நாளிலேயே வழுக்கும். அடிப்பாகம் ரப்பராக, வரிவரியாக இருக்கிற ஷூதான் சரி. வார் இல்லாத செருப்பு கூடவே கூடாது.

ரோமிலும் காலுக்குச் சோதனைதான். பழைய வீதிகளில் கறுப்புச் சதுரக்கல் பாவியிருப்பார்கள், மேடும் பள்ளமும் இடுக்குமாக. மெல்லிய அடிப்பாகம் உள்ள சாண்டல் போட்டால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் எண்ணிக்கை சொல்லும். வெயிலில் நடந்தால் கால் வீங்கும், விமானத்திலும் வீங்கும். அதனால் ஷூ வாங்கப் போனால் சாயங்காலம் போங்கள், விரல்நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். அதைப் போட்டுக் கொஞ்ச நாள் நடந்து பழகின பிறகு கிளம்புங்கள்.

பட்டாம்பூச்சி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஆகஸ்டில் டோக்கியோ போகிறோம், கூட நாலு வயது பையன். அங்கேயும் இதே பேச்சுதானா?

மஞ்சள்குடை

டோக்கியோ ஆகஸ்ட் அபுதாபியின் தம்பி. வெப்பம் அவ்வளவு ஏறாது, புழுக்கம் ஏறும். சீக்கிரம் உலர்கிற துணி, பையனுக்கு ஒரு மாற்றுச் சட்டை எப்போதும் கைப்பையில். அங்கே எல்லாரும் சின்னக் கைத்துண்டு ஒன்று வைத்திருப்பார்கள், முகம் துடைக்க, கை துடைக்க. பல பொதுக் கழிப்பறைகளில் காகிதத் துண்டு இருக்காது, அதற்கும் உதவும். வெயிலுக்குக் குடை பிடிப்பது அங்கே சர்வசாதாரணம்.

கோயில்கள், பழைய விடுதிகள், சில உணவகங்களில்கூட ஷூ கழற்றணும். கட்டும் கயிறு உள்ள ஷூவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழற்றி மாட்டுவது பையனோடு முடிகிற காரியமா? நுழைத்தால் போதும் என்கிற மாதிரி வாங்குங்கள். சாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் குளிர் ஆகாது என்றால் ரயிலில் ‘மிதமான ஏசி’ என்று குறித்த பெட்டிகளே தனியாக உண்டு, அதில் ஏறுங்கள்.

கடற்காகம்

கோடை என்றாலே வெயில் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்பிரான்சிஸ்கோவில் ஜூலையில் மூடுபனி அடித்து நடுங்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் ஜூலை குளிர்காலம். மாதத்தை வைத்துப் பெட்டி கட்டாதீர்கள்.

கரீபியப் பக்கம் போகிறவர்கள் ராணுவ உடை போலத் திட்டுத்திட்டான நிறம் போட்ட (கேமஃபிளாஜ்) பேன்ட் எடுக்காதீர்கள். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் முதலிய நாடுகளில் பொதுமக்கள் அதை உடுத்துவதே குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்து. இத்தாலியின் சொரெண்டோவில் 2022-லிருந்து நீச்சல் உடையோடோ, சட்டை இல்லாமலோ ஊருக்குள் நடந்தால் 500 யூரோ வரை அபராதம்.

உப்புக்காற்று

யாரும் வாய் திறந்து பேசாத விஷயத்தை நான் கேட்கிறேன். தொடை உரசல். பாவாடை போட்டு ஒரு நாள் முழுக்க நடந்தால் மறுநாள் நடக்கவே முடிவதில்லை. ஆனால் எல்லாரும் பாவாடை காற்றோட்டம் என்கிறார்கள்.

மஞ்சள்குடை

நல்லவேளை கேட்டீர்கள். உள்ளே முழங்காலுக்கு மேல் நிற்கிற மெல்லிய இறுக்கமான ஷார்ட்ஸ். இங்கே மட்டும் தளர்வு உதவாது, தோலும் தோலும் தொடக் கூடாது. அது பிடிக்காவிட்டால் கிளம்பும்போதே பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டு, மதியம் ஒருமுறை மறுபடியும். எரிச்சல் வந்த பிறகு தடவுவதில் பாதிப் பலன்தான்.

வெண்தொப்பி

ஜெல்லி தொடையோடு நிற்கட்டும். நிழல்தேடி, உங்கள் அம்மாவின் கழுத்துக்கும் முதுகுக்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள். வியர்வை வெளிவரும் வழி அடைபடுவதால்தான் வேர்க்குரு வருகிறது. கனத்த, எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் அடைப்பைக் கூட்டும். அம்மாவுக்குக் காலர் இறுகாத, முதுகில் படியாத பருத்தி. பையை முதுகில் மாட்டாமல் கையிலோ தோளிலோ. நனைந்ததை அப்படியே உலர விடாமல் மாற்றச் சொல்லுங்கள். தினமும் சாயங்காலம் குளிர்ந்த நீரில் ஒரு குளியல், கொஞ்ச நேரம் ஏசி அறை. அந்தத் தோலுக்கு ஓய்வுதான் மருந்து. சன்ஸ்கிரீன் தேவைப்படும் இடங்களில் பிசுபிசுப்பில்லாத ஜெல் வகை.

நூல்கண்டு

கடற்காகத்திடம் ஒன்று கேட்கணும். இரண்டு பாலியஸ்டர் சட்டையை வைத்து ஊர் சுற்றுகிறீர்கள், நாற்றத்தை என்ன செய்கிறீர்கள்?

கடற்காகம்

தனியாகப் போகிறேன் :)

நூல்கண்டு

அதுதானே பார்த்தேன். பாலியஸ்டர் தண்ணீரை விரட்டும், உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலசினாலும் அக்குள் பக்கம் முழுசாகப் போகாது. மெல்லிய மெரினோ கம்பளியில் இந்தத் தொல்லை குறைவு. கோடையில் கம்பளியா என்று சிரிக்காதீர்கள், பனியன் கனத்தில் வருகிறது, பல நாள் போட்டாலும் வாடை தெரியாது. விலைதான் கடிக்கும், உரசினால் சீக்கிரம் ஓட்டையும் விழும்.

அம்மாவோடு போகிறவருக்கு நான் சொல்வது லினன்-பருத்திக் கலப்பு. தனி லினன் அளவுக்குக் கசங்காது, உலர்வதும் பருத்தியைவிடச் சுறுசுறுப்பு. அபுதாபிக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று, தளர்வான பாலியஸ்டர் மேல்சட்டை.

மஞ்சள்குடை

அபுதாபி என்றதும் ஞாபகம் வருகிறது. வெளியே 42, மாலுக்குள் நுழைந்தால் பல்லைக் கிட்டும். வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் குளிரில் உட்கார்வது வெயிலைவிட மோசம். விமானமும் அப்படித்தான். அதனால் அந்தத் துப்பட்டா கொஞ்சம் கனமானதாகவே இருக்கட்டும். பேராலயத்தில் தோளுக்கு, பள்ளிவாசலில் தலைக்கு, மாலில் போர்வைக்கு. ரோமில் தெருவுக்குத் தெரு ‘நசோனி’ என்று நிற்காமல் ஓடும் குடிநீர்க் குழாய்கள் இருக்கும். ஒரு முனையை அதில் நனைத்துக் கழுத்தில் சுற்றுங்கள், அடுத்த தெரு வரை சொர்க்கம்.

நிழல்தேடி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: ஆளுக்கு இரண்டு லினன்-பருத்தி முழுக்கை, ஒரு பாலியஸ்டர், தளர்வான பேன்ட் இரண்டு, எனக்கு ஒரு நீளப் பாவாடையும் உள்ஷார்ட்ஸும், அகலத் துப்பட்டா, ஒரே ஒரு ஜோடி ஷூ, அறைக்கு ரப்பர் செருப்பு. ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுவதால் பெட்டி ஐந்து கிலோவைத் தாண்டவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அம்மா தொப்பியைத் தொட மாட்டேன் என்கிறார். தலைக்குள் புழுங்குகிறதாம், கொண்டை கலைகிறதாம். குடை போதாதா?

வெண்தொப்பி

ரோமில் போதும், அபுதாபியிலும் போதும். உள்பக்கம் கறுப்புப் பூச்சு உள்ள மடக்குக் குடையாக வாங்குங்கள், வெளிர்நிறத் துணிக்குடை அதைவிட அதிக வெயிலை உள்ளே விட்டுவிடும். வெயிலில் வரிசை நிற்கையில் தொப்பியைவிடக் குடையே மேல், தோளுக்கும் சேர்த்து நிழல்.

ஆக்ரோபோலிஸில் காற்று பிடுங்கும், கூட்டமும் இடிக்கும், படியில் ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும். அந்த ஓர் இடத்துக்குத் துப்பட்டாவைத் தலையோடு கழுத்தையும் மூடிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மஞ்சள்குடை

கொண்டைக்கென்றே உச்சியைத் திறந்துவிட்டுச் சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி வருகிறது தங்கச்சி, தாடையில் கட்ட நாடாவோடு. வகிடு மட்டும் வெயிலில் இருக்கும், அதற்கு மேல் துப்பட்டா ஒரு சுற்று. அம்மாவிடம் காட்டிப் பாருங்கள்.